வீட்டுக்கல்வியில் தமிழ் இலக்கியப் பாடத்திட்டத் தேர்வு

வீட்டுக்கல்வியில் தமிழ் இலக்கியப் பாடத்திட்டத் தேர்வு என்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர், பிறர் வகுத்து வைத்துள்ள இலக்கியப் பாடத்திட்டங்களுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பதைக் குறிக்கும். இத்தகைய ஆயத்தப் பாடத்திட்டம் எந்த நூலை எந்த வயதில் எந்த வரிசையில் படிப்பது என்பதை முன்கூட்டியே வரையறுத்துவிடுகிறது. கணிதப் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்தவை. இலக்கியத்தில் அவ்வாறு இல்லை. எது சேர்க்கப்பட்டது, எது விடப்பட்டது என்பதிலேயே அவை வேறுபடுகின்றன.

வரலாறு

பள்ளிக்கு வெளியே, வகுக்கப்பட்ட வரிசையில் இலக்கியம் கற்பது தமிழருக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி முதலிய நீதிநூல்களும், பின்னர் நிகண்டும், அதன்பின் அந்தாதி, கலம்பகம் போன்ற சிற்றிலக்கியங்களும் மனனம் செய்விக்கப்பட்டன. இவ்வரிசை மிக உறுதியானது. ஆனால் அதில் பெரிய இடைவெளியும் இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பயின்ற உ. வே. சாமிநாதையர், 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த பின்னரே சீவகசிந்தாமணியைப் படிக்கத் தொடங்கினார். அந்நூலை அவர் 1887இல் பதிப்பித்தார். தமிழகத்தின் தலைசிறந்த ஆசிரியரிடம் கற்ற மாணவருக்கே ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1901ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் தேர்வுகளை நடத்தியது. வேறு தொழிலில் இருந்துகொண்டே இவற்றுக்குப் படித்துத் தேறியோர் உளர். இலங்கையைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்தர் 1916இலும், பள்ளி ஆசிரியராக இருந்த தேவநேயப் பாவாணர் 1924இலும் பண்டிதத் தேர்வில் தேறினர். இன்றைய வீட்டுக்கல்விக் குடும்பங்கள் தேடுவதும் ஏறக்குறைய இத்தகைய ஏற்பாட்டையே.

சட்டமும் தேர்வும்

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக்கல்வியைப் பற்றித் தனியே எதுவும் கூறவில்லை. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு கூறுகிறது. தவறும் பெற்றோருக்கான தண்டனை எதுவும் அதில் இல்லை.

பாடத்திட்டத் தேர்வில் முதலில் தீர்மானிக்க வேண்டியது, பிள்ளை எந்தப் பொதுத்தேர்வை எழுதப்போகிறது என்பதே. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிறைந்தவர் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். மாநிலத் தேர்வை எழுதுவோருக்கு மாநிலப் பாடநூலே பாடத்திட்டம், வேறு தெரிவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வில் 14 வயது முதல் சேர்த்துக்கொள்கிறது. அங்குத் தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம். அதற்குரிய பாடநூல் தனி. பதின்மூன்று வயது வரை ஒரு பாடத்திட்டத்தில் படித்துவிட்டுத் தேர்வுக்கு மட்டும் மற்றொன்றுக்குத் தாவுவோர் மனப்பாடச் செய்யுள்களையும் இலக்கணத்தையும் மீண்டும் தொடக்கத்திலிருந்து பயில நேரிடும். எனவே தேர்வுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே இதனை உறுதி செய்துகொள்வது நல்லது.

கிடைக்கும் பாடத்திட்டங்கள்

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் முழுமையாக மாற்றி எழுதப்பட்டன. இவற்றை இணையத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம். கவிதைப்பேழை, உரைநடை உலகம், விரிவானம், கற்கண்டு எனப் பகுக்கப்பட்டு, நூல்வெளி என்னும் பகுதியில் நூலையும் ஆசிரியரையும் பற்றிய குறிப்புகளுடன் அமைந்துள்ளன. சங்க இலக்கியம் முதல் புதுக்கவிதை வரை அனைத்தும் இடம்பெறுவது இவற்றின் சிறப்பு. ஒவ்வொன்றும் சில பாடல்களோடு முடிந்துவிடுவது குறை. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குச் சிறப்புத் தமிழ் நூலும் உண்டு; வீட்டில் கற்போர் பலர் இதனைக் கவனிப்பதில்லை.

2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகம், மழலைக் கல்வி முதல் பட்டப்படிப்பு வரை பாடங்களை வழங்கியுள்ளது. பட்டப்படிப்புப் பாடங்கள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கடினமானவை. அவை கற்பிக்கும் பெற்றோருக்கே அதிகம் பயன்படும். பொறியியல் படித்துவிட்டுத் தமிழை மறந்தவர்களுக்குக் குறிப்பாக.

1998இல் தொடங்கப்பட்ட கலிபோர்னியா தமிழ்க் கழகத்தின் பாடத்திட்டம் ஆங்கிலச் சூழலில் வளரும் பிள்ளைகளுக்கானது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு இது பொருந்தலாம். வீட்டிலும் தெருவிலும் தமிழ் பேசி வளரும் மதுரைப் பிள்ளைக்கு இதன் தொடக்க நிலைகள் மிக மெதுவாக இருக்கும்.

ஆங்கில வீட்டுக்கல்வியில் செல்வாக்குப் பெற்றது இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842-1923) முன்வைத்த முறை. துணுக்குகளுக்கு மாறாக முழு நூல்களைப் படிப்பதும், படித்ததைப் பிள்ளை தன் சொற்களில் திருப்பிச் சொல்வதும் இதன் அடிப்படை. இதன் நூற்பட்டியல் தமிழுக்கு உதவாது, முறை உதவும்.

ஓர் ஒப்பீடு: சிலப்பதிகாரம்

மதுரை ஆரப்பாளையத்தில் வாழும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். மாநிலப் பத்தாம் வகுப்பு நூலில் சிலப்பதிகாரத்திலிருந்து இந்திர விழவூரெடுத்த காதையின் ஒரு பகுதி, அதாவது புகார் நகரின் மருவூர்ப்பாக்கக் கடைத்தெரு இடம்பெற்றுள்ளது. அவர் வாழும் நகரம் அப்பாடத்தில் வருவதில்லை. ஆனால் காப்பியத்தின் 30 காதைகளில் 13 மதுரைக் காண்டத்தைச் சேர்ந்தவை. கோவலனும் கண்ணகியும் மரப்புணையில் வையையைக் கடந்து தென்கரை சேர்வதும் அதில் உண்டு. ஆரப்பாளையம் அதே தென்கரையில்தான் உள்ளது. இரு வாரத்துக்கு ஒரு காதை என்றால் 26 வாரங்களில் காண்டம் முழுவதையும் ந. மு. வேங்கடசாமி நாட்டார் உரையுடன் படித்துவிடலாம். ஒவ்வொரு காதையையும் பிள்ளை திருப்பிச் சொல்லக் கேட்பதே போதிய தேர்வு.

ஆரப்பாளையத்தையொட்டிய புட்டுத்தோப்பில் ஆவணி மாதத்தில் நடைபெறும் புட்டுத் திருவிழாவும் இதுபோன்றதே. திருவிளையாடற் புராணத்தின் மண் சுமந்த படலத்தை அவ்விழாவுக்கு முந்தைய வாரத்தில் படிப்பது எந்த ஆயத்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. பெற்றோர்தாம் சேர்க்க வேண்டும்.

இதற்கு இடம் கொடுக்கும் பாடத்திட்டமா என்பதைத் தேர்ந்தெடுக்குமுன் பார்க்க வேண்டும். வாரத்தின் ஐந்து நாள்களையும் பயிற்சித்தாள்களால் நிரப்பிவிடும் திட்டங்களில் முழு நூல் படிக்க நேரம் இராது. நூல்களை விலைக்கு வாங்குமுன், மதுரை புதுநத்தம் சாலையில் 2023 சூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் அவற்றைப் பார்வையிடலாம். சிறுவர்களுக்கெனத் தனிப்பிரிவு அங்குண்டு. பிள்ளையையும் உடன் அழைத்துச் சென்று, ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கச் சொன்னால், அந்நூல் அவ்வயதுக்கு ஏற்றதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.