ஸ்டுடியோ பார்த்தல்

நம் வட்டத்தைச் சேர்ந்த கவிஞர் ஒருவர் குடும்பத்தோடு ஹைதராபாத்தின் ராமோஜி பிலிம் சிட்டிக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் என்னிடம் சொன்னார்: "சினிமாவைப் பத்தி எழுதுறீங்களே, ஒரு தடவை அங்க போயிட்டு வந்து எழுதுங்க. எப்படி எடுக்குறாங்கன்னு எல்லாமே கண்ணுக்கு முன்னால தெரியுது." இதில் கேலி எதுவும் இல்லை. அவர் நம்பிச் சொன்னார். அதனாலேயே அது என்னை உறுத்தியது. சினிமா தயாராவதை இம்மாதிரிச் சுற்றுலாக்கள் உண்மையிலேயே காட்டுகின்றனவா? 'இல்லை, அது வியாபாரம்' என்று ஒதுக்கிவிடுவது நம்மைப் போன்றவர்களுக்குச் சுலபம். ஆனால் அந்தப் பதில் கேள்வியைச் சந்திக்காத பதில்.

நானும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். தரமணியில் 1994-ல் அரசு அமைத்த, இன்று எம்.ஜி.ஆர். பெயரால் அறியப்படும் திரைப்பட நகரத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு கோயில் முகப்பு இருந்தது. ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களைத் தொட்டு வளர்ந்த எனக்குத் தூண் என்றால் கல். அங்கிருந்த தூணைத் தட்டினேன். டொக் என்றது. பின்னால் போய்ப் பார்த்தால் கோயிலே இல்லை. சட்டமும் சாக்கும் முட்டுக்கொடுத்த கட்டைகளும். அன்று ஏமாற்றமாக இருந்தது. இப்போது யோசித்தால், சினிமாவைப் பற்றி நான் கற்ற முதல் உண்மை அதுதான் என்று தோன்றுகிறது. காமிராவுக்கு ஒரு பக்கம் போதும். காமிரா பார்க்காத பக்கத்துக்கு இருப்பு தேவையில்லை. இந்த அளவுக்குச் சுற்றுலா பொய் சொல்லவில்லை. ஆனால் இது செட்டைப் பற்றிய உண்மை. செய்வதைப் பற்றிய உண்மை அல்ல.

செய்வதையே ஜனங்கள் பார்த்த காலம் ஒன்று இருந்தது. கார்ல் லெம்லி 1915 மார்ச் 15-ல் கலிபோர்னியாவில் யூனிவர்சல் சிட்டியைத் திறந்தபோது, 25 சென்ட் கொடுத்தால் உள்ளே விட்டார். மதியச் சாப்பாட்டுப் பொட்டலமும் உண்டு. படிப்படியான பலகை இருக்கைகளில் உட்கார்ந்துகொண்டு, கீழே நடக்கும் படப்பிடிப்பைப் பார்த்து ஜனங்கள் கைதட்டினார்கள், வில்லனைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். அது மௌனப்பட யுகம். பார்ப்பவன் போடும் சத்தம் பிலிமில் ஏறாது. 1920களின் கடைசியில் படம் பேச ஆரம்பித்தது. இருக்கைகள் காலியாயின, கதவு மூடப்பட்டது. ரசிகனை வெளியே தள்ளியது முதலாளியின் கர்வம் அல்ல, மைக்ரோபோன்.

நம்மிடம் இது வேறு விதமாக நடந்தது. மோட்டார் உதிரிபாக வியாபாரியான நடராஜ முதலியார் பூனாவில் ஓர் ஆங்கிலேயக் காமிராக்காரரிடம் கைப்பிடியைச் சுற்றக் கற்றுக்கொண்டு வந்தார். 1918 வாக்கில் சென்னைப் புரசைவாக்கத்தில் 'கீசக வதம்' எடுத்தார். அவர் கற்றது வேடிக்கை பார்த்து அல்ல, கைப்பிடியைச் சுற்றி. தமிழில் படம் பேச ஆரம்பித்ததோ பம்பாயில். 1931-ன் 'காளிதாஸ்' அங்கேதான் எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் சில வருஷங்கள் தமிழ்ப் படங்கள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தயாராகி இங்கே வந்தன. சென்னையில் பேசும் படத்துக்கான ஸ்டுடியோ 1934-ல் ஏ. நாராயணன் ஸ்ரீனிவாசா சினிடோனை நிறுவியபோதுதான் வந்தது. சூரிய வெளிச்சத்தில் படம் பிடித்துக்கொண்டே ஒலியையும் பதிவு செய்த அந்த ஆரம்ப நாட்களில் காகங்களை விரட்டவே ஆள் வைத்திருந்தார்களாம். காகத்துக்கு இடமில்லாத இடத்தில் ஜனங்களுக்கு ஏது இடம்? ஆக, பேசும் படம் தயாராவதைத் தமிழ் ஜனங்கள் உள்ளே உட்கார்ந்து பார்த்ததே இல்லை. ஸ்டுடியோ என்றால் அவர்களுக்கு ஒரு மதில், ஒரு கேட், ஒரு கூர்க்கா. கேட்டுக்கு வெளியே, கார்க் கண்ணாடிக்குள் ஒரு முகம் தெரியாதா என்று நிற்கும் கூட்டம்.

இதே ஜனங்கள்தான் தெருக்கூத்தில் வேஷம் கட்டுவதைப் பார்த்துப் பழகியவர்கள். அரிதாரம் பூசும் இடத்தைச் சுற்றிப் பையன்கள் நிற்பார்கள். பகலில் தெரிந்த ஆள், புஜக்கட்டையும் கிரீடமும் ஏற ஏறத் துரியோதனனாவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். விடியற்காலையில் அதே துரியோதனன் விழும்போது அழுவார்கள். செய்முறை தெரிந்தால் மாயை கலைந்துவிடும் என்ற பயம் கூத்துக்கு இல்லை. சினிமாவில்தான் செய்முறை ரகசியமாயிற்று. ரகசியமானதால் அதற்கு ஒரு விலை வந்தது. சுற்றுலா விற்பது அந்த ரகசியத்தைத்தான்.

ஆனால் எப்போது விற்கிறார்கள் என்று பாருங்கள். யூனிவர்சல் தன் கதவை மறுபடி ஒழுங்காகத் திறந்து டிராம் வண்டிகளை ஓட்டியது 1964-ல். அமெரிக்க வீடுகளில் டெலிவிஷன் குடியேறி, பழைய ஸ்டுடியோ முறை தளர்ந்துவிட்ட பிறகு. 1975-ல் 'ஜாஸ்' வந்தது. 1976-லிருந்து அந்தச் சுறா டிராமில் போகிறவர்களைப் பார்த்து வாயைத் திறக்கிறது. அது எந்தப் படத்துக்காகவும் வாயைத் திறக்கவில்லை. டிக்கெட் வாங்கியவனுக்காகத் திறக்கிறது. இங்கே படம் தயாராவதில்லை, தயாராவது சுற்றுலாவே. பயந்து கத்துவது நம் பாத்திரம். டிஸ்னி 1989-ல் பிளோரிடாவில் வேலை நடக்கும் ஸ்டுடியோவையே பூங்காவாக்கிப் பார்த்தது. சித்திரக்காரர்கள் மேஜைமீது குனிந்து வரைவதைக் கண்ணாடி வழியே ஜனங்கள் பார்த்தார்கள். நேர்மையான முயற்சி என்றே சொல்வேன். 2004-ல் அந்தச் சித்திரக்கூடம் மூடப்பட்டது. பூங்கா நிலைத்தது.

நம் கதையும் இதுதான். சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935-ல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. சம்பளப் பட்டியலும் கறாரான நேரக் கணக்குமாக அது ஒரு தொழிற்சாலை போல நடந்தது. 1963-ல் சுந்தரம் இறந்தார். 1980களில் ஸ்டுடியோ மறைந்தது. ஏற்காடு சாலையில் மிஞ்சியிருப்பது முகப்பு வளைவு மட்டும். போகிறவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் வழியே யாரும் எங்கேயும் நுழைவதில்லை. வாசன் 'சந்திரலேகா'வை (1948) எடுத்த ஜெமினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் ஓட்டல் வந்து, பழைய படங்களின் போஸ்டர்கள் அதற்கு அலங்காரமாயின. ஏவி.எம். வளாகத்தில் 2023-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய கருவிகளையும் கார்களையும் பார்க்கலாம். 1977-ல் 'பதினாறு வயதினிலே' வந்ததற்குப் பின் காமிரா தளத்தை விட்டு வயல் வரப்புக்கு இறங்கியது. தளம் வெறிச்சோடியது. கதவு திறந்தது. வேலை வெளியேறும் வாசலில்தான் பார்வையாளன் உள்ளே நுழைகிறான் என்று இதைச் சுருக்கலாம்.

ராமோஜி இதற்கு விலக்கு என்று நண்பர் வாதிக்கலாம். 1996-ல் தொடங்கி, சுமார் 1,666 ஏக்கரில், இன்றும் படங்கள் தயாராகும் இடம் அது. உண்மைதான். ஆனால் பார்வையாளரின் பஸ் போகும் பாதை வேறு, படப்பிடிப்பு நடக்கும் தளம் வேறு. அவர் பார்த்தது 'பாகுபலி' முடிந்தபின் நிற்கும் மகிழ்மதியை. படத்துக்குத் தேவைப்படாமல் போன பிறகே அது அவருக்குக் கிடைத்தது.

அப்படியானால் நேரடியாகப் படப்பிடிப்பையே பார்த்துவிட்டால்? அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1997 அக்டோபர் 16 அன்று, நான் தூணைத் தட்டிய அதே திரைப்பட நகரத்துக்கு இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் வந்தார். கமல்ஹாசனின் 'மருதநாயகம்' தொடக்க விழா. முதலமைச்சர் கருணாநிதி உடனிருந்தார். ராணி பார்ப்பதற்கென்று போர்க்காட்சி ஒன்று படமாக்கப்பட்டது. அந்த மாதிரி ஒரு பார்வையாளர் தமிழ் ஸ்டுடியோவுக்கு அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. அவர் பார்த்தது பொய்க்கோயில் அல்ல. அசல் காமிரா, அசல் நடிகர். ஆனால் அந்தப் படம் முடிக்கப்படவே இல்லை. பணம் வரவேண்டிய இடத்திலிருந்து வரவில்லை. சுற்றுலாவில் நாம் படம் உண்டு, செய்தல் இல்லை என்ற நிலையில் நிற்கிறோம். ராணி செய்தலைப் பார்த்தார், படம் இல்லை. இருவரில் தற்செயலாக உண்மைக்கு அருகில் போனவர் ராணிதான். நின்றுபோவது சினிமாவின் விபத்து அல்ல, அதன் அன்றாடம். ஆனால் படம் நின்றுபோன அந்த நாள் எது என்று ராணிக்குத் தெரியாது. அதை யாரும் சுற்றிக் காட்டமாட்டார்கள்.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை துவாக்குடியில் இருக்கிறது. பாய்லர் ஆலைக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளின் ஊர். கல்லூரி மாணவர்கள் தொழிற்சாலை பார்க்க வருவார்கள். தலையில் ஹெல்மெட் மாட்டி, தரையில் மஞ்சள் கோடு போட்ட பாதையில் வரிசையாகப் போவார்கள். பட்டறையில் வெல்டராக இருக்கும் ஒருவர் பாஸ்புக்கில் வரவு போட வந்தபோது சொன்னார்: "பாக்க வர்றவங்க வெளிச்சத்தப் பாக்குறாங்க சார். வெல்டர் வெளிச்சத்தப் பாக்க மாட்டான். கறுப்புக் கண்ணாடிக்குள்ள இரும்பு உருகி நிக்கிற அந்தச் சொட்டு எடத்தத்தான் பாப்பான்." கண்ணாடி இல்லாதவனுக்கு வெளிச்சம் கண்ணைப் பறிக்கும், வேலை தெரியாது. சுற்றுலாவின் பிரச்னையை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

சினிமா வேலையில் அந்தச் சொட்டு இடம் எது? காத்திருத்தல் என்று நினைக்கிறேன். மேகம் விலகக் காத்திருப்பது, வேன் வரக் காத்திருப்பது, பணம் வரக் காத்திருப்பது. சுற்றுலாவுக்கு ஒரு நாள்தான் உண்டு. காத்திருத்தலை ஒரு நாளில் காட்ட முடியாது. பொருளைக் காட்டலாம், காலத்தைக் காட்ட முடியாது.

காலத்தைக் காட்டியவர் நம்மிடம் ஒருவர் இருக்கிறார். அசோகமித்திரன் ஜெமினியில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். தினமும் பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்து ஃபைலில் சேர்ப்பது அவர் வேலைகளில் ஒன்று. பார்க்கிறவர்களுக்கு அது வேலையாகவே தெரியவில்லை. அந்த மேஜையிலிருந்துதான் 'கரைந்த நிழல்கள்' (1969) வந்தது. படம் எடுக்க விடியுமுன் வண்டியும் ஆளும் சேர்க்க அலையும் தயாரிப்பு நிர்வாகி, பாதியில் நிற்கும் படம், அதோடு சிதறும் மனிதர்கள். ஜெமினி நாட்களைப் பற்றிப் பின்னாளில் ஆங்கிலத்தில் எழுதியபோது ஒப்பனை அறையின் ஜாதி அடுக்கைச் சொன்னார். கதாநாயகனுக்குத் தலைமை ஒப்பனையாளர். படிப்படியாக இறங்கிக் கூட்டத்துக்குச் சாயம் பூச ஆபீஸ் பையன். அங்கு வந்த ஒரு பார்வையாளரையும் சொன்னார். ஆங்கிலக் கவி ஸ்டீபன் ஸ்பெண்டர் ஜெமினிக்கு வந்து பேசினார். அவர் ஏன் வந்தார் என்று ஊழியர்களுக்கு விளங்கவில்லை. தான் ஏன் அங்கே நிற்கிறோம் என்று அவருக்கும் விளங்கியிருக்காது. ஸ்டுடியோ பார்த்தலின் முழுச் சரித்திரமும் அந்த ஒரு மத்தியானத்தில் இருக்கிறது.

நண்பருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லத் தயங்குவதற்குக் காரணம், கேள்வி என்மேலும் திரும்புகிறது. பதினைந்து வருஷமாகச் சினிமாவைப் பற்றி எழுதுகிறேன். கதையை எழுதுகிறேன், பாத்திரத்தை எழுதுகிறேன், 'பிம்பம்' என்கிறேன். ஒரு ஷாட்டுக்கு விளக்கு எங்கே வைக்கப்பட்டது, ஏன் அங்கே வைக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதியதில்லை. இருபது வருஷம் லைட்மேனாக இருந்த ஒருவரிடம் உட்கார்ந்து பேசியதில்லை. மஞ்சள் கோட்டுக்குள்ளேயே நடந்து வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். நண்பராவது டிக்கெட் வாங்கினார். நான் அதுகூட இல்லாமல், விமர்சகன் என்ற பேரில்.