முன்னாள் படைவீரர்களின் மனநலம்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

படைப்பணியில் உயிராபத்தையோ உடன் பணியாற்றியவரின் மரணத்தையோ நேரில் கண்டவர்களில் சிலருக்கு, அதன் தாக்கம் எளிதில் மனத்தை விட்டு அகலுவதில்லை. இந்நிலை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைப் பாதித்தால், அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறாக இருக்கலாம். சிலருக்கு அறிகுறிகள் பல மாதங்கள் கழித்தோ, ஓய்வு பெற்ற பின்னரோ வெளிப்படும். இது கோழைத்தனம் அன்று. சிகிச்சை உள்ள நோய்.

அறிகுறிகள்

• நிகழ்வு மீண்டும் நடப்பது போன்ற உணர்வு, கொடுங்கனவுகள்
• அதை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்த்தல்
• தூக்கமின்மை, எளிதில் திடுக்கிடுதல், கடுஞ்சினம்
• குற்ற உணர்வு, உறவினரிடமிருந்து விலகியிருத்தல்

உறக்கத்திற்காகச் சிலர் மதுவை நாடுவர். மது உறக்கத்தைக் கெடுத்து, அறிகுறிகளைத் தீவிரமாக்கும்.

சிகிச்சை

அதிர்ச்சி நினைவுகளைக் கையாளப் பயிற்றுவிக்கும் உளவியல் சிகிச்சையே முதன்மையானது. தேவைப்பட்டால் மனநல மருத்துவர் செர்ட்ராலின் போன்ற மருந்துகளைப் பரிந்துரைப்பார். இவை பலனளிக்கச் சில வாரங்கள் ஆகும்; மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

• கனவில் அலறினால் தொட்டு உலுக்கி எழுப்பாதீர்கள். தன்னையறியாமல் அவர் தாக்கக்கூடும். சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லி அழையுங்கள்.
• தீபாவளி, திருவிழா நாள்களில் வெடி வெடிக்கப்படும் நேரத்தை முன்னரே அவருக்குத் தெரிவியுங்கள்.
• நடந்ததைக் கூறுமாறு வற்புறுத்தாதீர்கள். அவராகப் பேசும்போது இடைமறிக்காமல் கேளுங்கள்.
• அவரது கோபத்திற்குத் தாங்கள் காரணம் அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்குங்கள்.
• அடித்தல், மிரட்டல் நிகழ்ந்தால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளைகளுடன் பாதுகாப்பான இடத்திற்குச் சென்று உதவி கோருங்கள்.
• பராமரிப்பவருக்கும் ஓய்வும் ஆலோசனையும் தேவை. அவர் மருத்துவத்திற்கு வர மறுத்தாலும், நீங்கள் தனியே ஆலோசனை பெறலாம்.

உதவி பெறும் இடங்கள்

• டெலி மானஸ் தொலைபேசி ஆலோசனை: 14416. நாள் முழுவதும், கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம்.
• முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்ட மருத்துவமனைகள்: 2003-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், உறுப்பினரும் அவரைச் சார்ந்துள்ள தகுதியுடைய குடும்பத்தினரும் சிகிச்சை பெறலாம். அடையாள அட்டையைக் கொண்டு செல்லவும்.
• இத்திட்டத்தில் சேராதோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம்.
• நலத்திட்ட உதவிகள் குறித்து மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டறியலாம்.

உடனடி நடவடிக்கை

வாழ விருப்பமில்லை என்று அவர் கூறினால், அதை வெறும் பேச்சாகக் கருதாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். உரிமம் பெற்ற துப்பாக்கி, பூச்சிக்கொல்லி, மாத்திரைகள் ஆகியவற்றை அவருக்கு எட்டாதவாறு அப்புறப்படுத்துங்கள். உயிருக்கு ஆபத்து இருப்பின் 108-ஐ அழையுங்கள்.