குடத்துக்குள் இல்லாத பெயர்கள்: உத்திரமேரூர்ச் சாசனங்களும் ஊர்ப் பூசல்களில் மத்தியஸ்தமும்

உத்திரமேரூர் என்றாலே குடவோலை நினைவுக்கு வருகிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும், வெட்டப்பட்ட இரு சாசனங்களும் தேர்தலின் முன்னோடிச் சான்றுகளாகவே எடுத்துக்காட்டப்படுகின்றன. பள்ளிப் பாடநூல்களில் அப்படித்தான். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் உத்திரமேரூரைக் குறிப்பிட்டதும் அந்தப் பொருளில்தான். இந்தக் கட்டுரை அதே சாசனங்களிடம் வேறொரு கேள்வியைக் கேட்கிறது. ஊருக்குள் பூசல் மூளும்போது இரு தரப்புக்கும் நடுவில் வந்து நிற்பவரை எதைக் கொண்டு நம்புவது? அவருடைய வயது, குலம், பதவி ஆகியவற்றைக் கொண்டு என்பது இன்றுவரை நம் ஊர்களின் பதில். உத்திரமேரூர்ச் சபை வேறு பதில் வைத்திருந்தது. அந்தப் பதிலின் பலத்தையும் குறையையும் சேர்த்துப் பார்த்தால்தான் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இன்று நடக்கும் மத்தியஸ்தங்களை எடைபோட முடியும் என்பது என் வாதம்.

ஒரே பொருளைப் பற்றி இரண்டே ஆண்டு இடைவெளியில் ஏன் இரண்டு சாசனங்கள்? முதலாவது, அரச அதிகாரி தத்தனூர் மூவேந்தவேளான் உடனிருக்கச் சபை செய்த ஏற்பாடு. இரண்டாவது, சோமாசிபெருமான் என்ற அதிகாரி முன்னிலையில் அதைத் திருத்தியது. வாரியம் எனப்படும் நிர்வாகக் குழுவில் உறுப்பினராகத் தகுதி பெறும் வயது 30-60 என்றிருந்தது 35-70 என்று மாறியது. கணக்குக் காட்டாத முன்னாள் வாரியர் மட்டுமல்லாமல் அவருடைய உறவினரும் வாரியத்துக்கு வரக்கூடாது என்ற விதி, இரண்டாம் சாசனத்தில் மாமன், மைத்துனன், மருமகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள் என்று உறவு உறவாக விரிகிறது. எந்தப் பூசலையும் சாசனம் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. ஆனாலும் உறவுமுறைகளை இப்படி ஒவ்வொன்றாகக் கல்லில் எழுதிவைக்கிறவர்கள் சும்மா எழுதியிருக்க மாட்டார்கள். தீயோர் கெட்டு நல்லோர் தழைக்கவே இந்த ஏற்பாடு என்று சாசனமே காரணம் சொல்கிறது. முதல் ஏற்பாட்டின் ஓட்டைகளில் புகுந்து யாரோ ஆதாயம் பார்த்திருக்கிறார்கள் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

ஓலை எடுக்கும் முறையில் மத்தியஸ்தனுக்கு ஒதுக்கப்பட்ட இடம் இன்னும் கூர்ந்து பார்க்கத்தக்கது. குடும்பு எனப்படும் 30 ஊர்ப் பிரிவுகளிலிருந்தும் தகுதியுள்ளோரின் பெயர் எழுதிய ஓலைகள் வரும். சபை முழுவதும் கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுப்பான். அது வேறொரு குடத்தில் இடப்பட்டுக் குலுக்கப்படும். அதிலிருந்து அவன் எடுக்கும் ஓர் ஓலை மத்தியஸ்தன் கைக்குப் போகும். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை ஏற்க வேண்டும். அவன் வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். அதன் பிறகே அந்தப் பெயர் செல்லும்.

மத்தியஸ்தன் இங்கே தீர்ப்புச் சொல்பவன் அல்லன். குறிகூட்டுவது (சபையைக் கூட்டுவது), ஓலை வாசிப்பது, முடிவைப் பதிவது ஆகியவை அவன் வேலைகள். இரண்டாம் சாசனத்தை எழுதியவனே தன்னை மத்தியஸ்தன் காடாடிபோத்தன் சிவக்குறி இராஜமல்லமங்கலப்பிரியன் என்று அறிவித்துக்கொள்கிறான். ஊரின் நம்பிக்கைக்கு உரியவனாகத்தான் அவன் அந்தப் பணிக்கு வந்திருப்பான். இருந்தும் அவன் விரல்களைக்கூடச் சபை நம்பவில்லை. விரித்துக் காட்டச் சொன்னது. கணக்கெழுதுபவனுக்கும் அதே கண்டிப்புத்தான்: தான் எழுதிய கணக்கைத் தானே காட்டித் தேறினால் ஒழிய மறுபடி அந்தப் பணிக்கு வர முடியாது. ஆளை நம்பி முறையைத் தளர்த்துவதற்கு அந்தச் சபை எங்கும் இடம் வைக்கவில்லை. மத்தியஸ்தத்தைப் பற்றி உத்திரமேரூர் நமக்குத் தரும் மிகப் பெரிய பாடம் இதுதான். குடவோலையைவிடவும் பெரியது என்பேன்.

இனி, குறை. உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையளிக்கப்பட்ட ஊர். இறை செலுத்தும் கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உள்ளவர் பெயரே குடத்துக்குள் போகும். வேதமும் பாடியமும் கற்று ஓதுவிக்க வல்லவர்க்கு அரைக்கால் வேலி போதும் என்ற சலுகை உண்டு. அந்த நிலத்தை உழுதவர், ஏரி தூர் வாரியவர், செக்காட்டியவர், பெண்கள் ஆகியோர் பெயர் எந்தக் குடத்திலும் இல்லை. 1830இல் சார்லஸ் மெட்காஃப் இந்தியக் கிராமங்களைச் சிறு குடியரசுகள் என்று புகழ்ந்தபோதும் இவர்கள் கணக்கில் வரவில்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் அந்தப் புகழ்ச்சியைக் கடுமையாக மறுத்தார். உத்திரமேரூரின் விதிகள் சமமானவர்களுக்கு இடையிலான பூசலுக்கு எழுதப்பட்டவை. சமமற்றவர்களுக்கு இடையிலான பூசலைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் கிடையாது.

குடத்துக்கு வெளியே நின்றவர்களிடமும் ஒரு மத்தியஸ்த மரபு இருந்ததை ஏரிப் பாசனம் காட்டுகிறது. உத்திரமேரூரின் பெரிய ஏரி பல்லவர் காலத்தது; சாசனங்களில் வைரமேக தடாகம். சபையில் அதற்கென்று 6 பேர் கொண்ட ஏரி வாரியமும் உண்டு. பிற்காலத்தில் வட தமிழகத்து ஏரிகளில் மடை திறப்பதும் வயலுக்கு வயல் முறைவைத்து நீர் விடுவதும் நீர்க்கட்டிகளின் வேலை. பெரும்பாலும் தலித் குடும்பங்கள். கூலி, அறுவடையில் நெல்லாக. ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாதவன் யார் பக்கமும் சாயமாட்டான் என்பதே அவர்களிடம் அந்த வேலை விடப்பட்டதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு காரணம். நிலமின்மையையே நடுநிலைக்குத் தகுதியாக்கிய ஏற்பாடு இது. நீர்க்கட்டி சொன்ன முறையைப் பெரிய பண்ணைக்காரரும் மதித்தார். ஆனால் நீர்க்கட்டிக்கே ஊரோடு வழக்கு வந்தால் அதில் நடுவே நிற்க ஆள் கிடையாது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகி ஏரி நீரின் தேவை குறையவும் அந்தப் பதவியும் தேய்ந்துவிட்டது.

இன்றைய நிலைக்கு வருவோம். ஊர்ப் பூசல்களில் இப்போது இரண்டு வகை மத்தியஸ்தம் நடக்கிறது. கோயில் திடலில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசுவது ஒன்று. அது அபராதம், ஊர்விலக்கு என்று போகும்போது கட்டப் பஞ்சாயத்தாகிறது. கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. மற்றொன்று, கோட்டாட்சியரோ தாசில்தாரோ இரு தரப்பையும் அழைத்து நடத்தும் அமைதிப் பேச்சுவார்த்தை. முதலாவதில் பேசி முடிப்பவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டாவதில் பேசி முடிக்கும் அதிகாரிக்குத் திருவிழா தேதி தாண்டுவதே அவசரம். இரண்டிலும் விரலை விரித்துக் காட்டும் விதி இல்லை.

மாவட்டத்தின் அண்மைக்கால வரலாற்றில் எல்லாரும் கவனித்த மத்தியஸ்தம் வயலிலோ கோயிலிலோ நடக்கவில்லை. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையை ஒட்டி நடந்தது. 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. ஊதிய உயர்வு ஒரு கோரிக்கை. சிஐடியு சார்ந்த சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது இன்னொன்று. அக்டோபர் 7 அன்று அமைச்சர்கள் முன்னிலையில் ஓர் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. கையெழுத்திட்டது தொழிலாளரில் ஒரு பகுதியினரின் குழு. வேலைநிறுத்தம் செய்தவர்கள் அதை ஏற்கவில்லை, போராட்டம் தொடர்ந்தது. பூசலில் இல்லாதவரோடு செய்துகொண்ட சமாதானம் எத்தனை அமைச்சர்கள் உடனிருந்தாலும் செல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அக்டோபர் 15 அன்று போராடிய சங்கத்தோடு பேசிய பிறகே முடிவு வந்தது. தொழிலாளர் வேலைக்குத் திரும்புவது, அவர்களைப் பழிவாங்காதிருப்பது, கோரிக்கைகளுக்கு நிர்வாகம் சமரச அலுவலரிடம் பதில் தருவது என்ற அளவில் உடன்பாடு நின்றது. சங்கப் பதிவு அதற்குள் இழுக்கப்படவில்லை. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அதன் பிறகும் பணியிடை நீக்கம், உள்ளிருப்பு என்று பிணக்குகள் வந்தன. ஆனாலும் பேரத்துக்குரியதைப் பேரத்திலும் உரிமையைச் சட்டத்திலும் வைத்ததுதான் அந்த மத்தியஸ்தத்தின் அறிவு என்பது என் கணிப்பு.

சாதிப் பூசல்களில் தவறிப்போவது பெரும்பாலும் இந்தப் பிரிப்புத்தான். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் 2023இல் தலித்துகள் நுழைவதை எதிர்த்துப் பூசல் எழுந்தது. கோட்டாட்சியர் பல சுற்றுப் பேச்சு நடத்தினார். பேசப்பட்டது, அவர்கள் உள்ளே வரலாமா என்பதே. தீண்டாமையை ஒழித்த 17ஆம் உறுப்பு 1950இலேயே விடை சொல்லிவிட்ட கேள்வி அது. அதைப் பேச்சு மேசையில் வைத்தது மறுப்பவருக்கும் ஒரு நியாயம் இருப்பதுபோல ஆக்கிற்று. ஜூன் 7 அன்று கோயிலுக்குச் சீல் வைக்கப்பட்டது. நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2025 ஏப்ரலில்தான் தலித்துகள் உள்ளே சென்று வழிபட்டார்கள். மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 2011 அக்டோபரில் காவல்துறை முன்முயற்சியில் எழுதப்பட்ட உடன்பாடு இதற்கு மாறானது. கோயில் நுழைவை ஏற்றுக்கொண்ட பிறகு, வழக்குகளைத் திரும்பப் பெறுவது, பேருந்து நிழற்குடை போன்ற விஷயங்களே அங்கே பேசப்பட்டன. நவம்பரில் நுழைவும் நடந்தது. அங்கும் பிற்பாடு கசப்புகள் வராமலில்லை.

அரசே ஒரு தரப்பாக இருக்கும்போது என்ன செய்வது? காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் திட்டமிடப்பட்ட விமான நிலையத்துக்கு எதிராக 2022 முதல் ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அமைச்சர்கள் அவர்களோடு பேசினார்கள். நிலம் கேட்பவரே நடுவிலும் நின்றால் அதை மத்தியஸ்தம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2023ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டத்தின் 43, 44ஆம் பிரிவுகள் ஊர்ப் பூசல்களில் முறையான மத்தியஸ்தம் இல்லாத வெற்றிடத்தை நிரப்ப வந்தவை. ஒரு பகுதியின் அமைதியைக் குலைக்கக்கூடிய பூசலை, இரு தரப்பும் முன்கூட்டியே இசைந்தால், 3 பேர் குழுவிடம் விடலாம். குழுவைச் சட்டப் பணிகள் ஆணையமோ ஆட்சியரோ உட்கோட்ட நடுவரோ அமைப்பார். நேர்மையும் மதிப்பும் உள்ளவர், சமூகத் தொண்டில் பெயர் பெற்றவர் போன்றோர் அதில் இடம்பெறலாம். பெண்களின் பிரதிநிதித்துவம் கருத்தில் கொள்ளப்படலாம். எட்டும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணை போலச் செயல்படுத்தத்தக்கது அன்று. கட்டப் பஞ்சாயத்துக்குச் சட்டப் போர்வை கிடைக்காமல் தடுக்கும் நல்ல வரம்பு இது. முன் இசைவு என்ற விதியும் நல்லது. ஆனால் 'மதிப்புள்ளவர்' என்ற தகுதி பழைய ஊர்ப் பெரியவரையே பின்வாசல் வழியாக அழைத்து வந்துவிடும். யாருடைய உறவினர் அமரக்கூடாது, ஒருவர் எத்தனை ஆண்டு அமரலாம், முந்தைய உடன்பாடுகளுக்கு எங்கே கணக்குக் காட்ட வேண்டும் என்பவற்றைப் பற்றி அப்பிரிவுகள் பேசவில்லை. 2023 அக்டோபர் 9 அன்று நடைமுறைக்கு வந்த பிரிவுகளில் இவ்விரண்டும் இடம்பெறாததால் விதி வகுக்க அவகாசம் கிடைத்தது.

அதற்கான வரைவு உத்திரமேரூர்ச் சுவரிலேயே இருக்கிறது. ஒருமுறை அமர்ந்தவர் 3 ஆண்டு விலகியிருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் வரக்கூடாது. குற்றம் கண்டால் அப்போதே நீக்க வேண்டும். ஒருவர் வாசித்ததை மற்றவரும் வாசித்துச் சரிபார்க்க வேண்டும். இவற்றோடு அந்தச் சுவரில் இல்லாத ஒன்றையும் சேர்க்க வேண்டும்: பூசலில் நலிந்த தரப்பு ஒப்புக்கொள்ளாத எந்தப் பெயரும் குழுவில் இருக்கக்கூடாது. காஞ்சிபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் உத்திரமேரூர் வட்டத்திலிருந்தே இதைத் தொடங்கலாம்.