எகிப்தில் எழுந்த இஸ்லாமிய மறுமலர்ச்சி எண்ணம்

ஒவ்வொரு நூற்றாண்டின் தலைப்பிலும் சன்மார்க்கத்தைப் புதுப்பிக்கும் ஒருவரை இறைவன் தோற்றுவிப்பான் என்னும் கருத்துடைய நபிமொழி ஒன்று முஸ்லிம்களிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. அவ்வாறு புதுப்பித்தலை அறபு மொழியில் தஜ்தீத் என்பர். சீர்திருத்துதலை இஸ்லாஹ் என்பர். இமாம் கஸ்ஸாலி போன்ற பேரறிஞர்களை அத்தகைய புதுப்பிப்பாளராக முன்னோர் போற்றினர். அவர்கள் காலத்துப் புதுப்பித்தல் பெரும்பாலும் உள்ளத்தையும் ஒழுக்கத்தையும் வழிபாட்டையும் பற்றியதாகவே இருந்தது. அரசு எவ்வாறு அமைய வேண்டும், சட்டத்தை ஆக்குவோர் யாவர், அந்நியர் ஆதிக்கத்தை எவ்வாறு அகற்றுவது என்னும் நவீன வினாக்கள் அவ்வெண்ணத்தோடு இறுகப் பிணைந்தது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலாகும். அப்பிணைப்பு நிகழ்ந்த நாடுகளுள் எகிப்து தலையாயது. அங்கே ஓர் ஆசிரியரிடமிருந்து தோன்றிய எண்ணம் மூன்று தலைமுறைக்குள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட பல கிளைகளாகப் பிரிந்த வரலாறு நுணுகி நோக்கற்பாலது.

1869-ஆம் ஆண்டிலே சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. உலக வாணிபத்தின் வாயிலாக எகிப்து உயர்ந்த அதே வேளையில், அந்நாட்டின் அரசாங்கம் ஐரோப்பியரிடம் பட்ட கடனில் அமிழ்ந்து கொண்டிருந்தது. கெதீவ் என்னும் பட்டந் தாங்கிய இஸ்மாயில் 1875-இல் கால்வாயில் தமக்கிருந்த பங்குகளைப் பிரித்தானிய அரசுக்கு விற்றார். மறு ஆண்டே எகிப்தின் வரவு செலவை ஐரோப்பிய அதிகாரிகள் மேற்பார்வை செய்யத் தலைப்பட்டனர். நாட்டின் வருவாய் அந்நியர் கைக்கு மாறியபோது, ஆயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த அல்-அஸ்ஹர் கலாபீடத்தில் மாணவர் உரைக்கு உரை, அவ்வுரைக்கு மற்றோர் உரை என்று மனனஞ் செய்து கொண்டிருந்தனர்.

இச்சூழலில் 1871-இல் கெய்ரோ வந்து சேர்ந்தவர் ஜமாலுத்தீன் ஆப்கானி. ஆப்கானியர் என்று அவர் தம்மைக் கூறிக்கொண்டாராயினும், பாரசீகத்திலே ஹமதான் நகரையடுத்த அசதாபாத்தில் பிறந்தவர் என்பதே ஆராய்ச்சியாளர் பெரும்பாலார் துணிபு. இளமையிலே இந்தியாவில் தங்கிப் பிரித்தானிய ஆட்சியின் வலிமையை நேரிற் கண்டவர். அவர் வகுப்பறையில் அமர்ந்து பாடஞ் சொன்னவரல்லர். தம் இல்லத்திலும் காப்பிக் கடையிலும் இளைஞரைச் சூழ இருத்தித் தத்துவமும் வான நூலும் அரசியலும் உரையாடினார். முஸ்லிம்களின் வீழ்ச்சிக்குக் காரணம் இஸ்லாம் அன்று. அறிவைத் துறந்து, முன்னோர் சொல்லைக் கண்மூடிப் பின்பற்றியதே காரணம் என்பது அவர் கொள்கை. 1879-இல் புதிய கெதீவ் தௌபீக் அவரை நாடு கடத்தினார். அவர் சென்றுவிட்டார்; அவர் மூட்டிய கனல் தங்கிவிட்டது.

அக்கனலை ஏந்திய மாணவருள் முதன்மையானவர் முகம்மது அப்துஹூ. 1849-இல் நைல் நதிக் கழிமுகத்துச் சிற்றூர்க் குடியானவர் குடும்பத்திற் பிறந்தவர். தந்தா நகரப் பள்ளியிலே ஒன்றரை ஆண்டு இலக்கணம் பயின்றும், ஆசிரியர் கூறிய கலைச்சொல் ஒன்றேனும் விளங்காமல் ஓடிப்போனார். கல்வியே வேண்டாம் என்று உறுதி பூண்ட அச்சிறுவரை மீட்டவர் உறவினராகிய ஷெய்கு தர்வீஷ் என்னும் எளிய சூபியார். அவர் நாள்தோறும் சில வரிகளைப் படிக்கச் செய்து, பொருளை அன்போடு விளக்கினார். விளங்காத கல்வி மனிதனை அறிவிலிருந்தே துரத்தும் என்பதை அப்துஹூ இளமையிலேயே பட்டறிந்தார். அவர் பிற்காலத்திற் செய்த சீர்திருத்தம் அனைத்திற்கும் இவ்வனுபவமே வித்து எனலாம்.

1881-இல் அறபி பாஷாவின் தலைமையில் எகிப்தியப் படையினர் கிளர்ந்தெழுந்தனர். அப்துஹூ தொடக்கத்தில் அதனை ஆதரித்தாரில்லை. கல்வி முதிராத மக்களிடம் வாளால் வரும் மாற்றம் நிலைக்காது என்று எண்ணினார். ஆயினும் அந்நியர் தலையீடு வெளிப்பட்டதும் தம் நாட்டவர் பக்கமே நின்றார். 1882 ஜூலை 11-ஆந் திகதி பிரித்தானியக் கப்பல்கள் அலெக்சாந்திரியா நகர்மீது குண்டு பொழிந்தன. செப்டெம்பரில் தெல்-எல்-கபீர்ப் போரோடு கிளர்ச்சி ஒடுங்கியது. அப்துஹூ நாடு கடத்தப்பட்டார். அறபி பாஷாவும் உடன் தலைவர் அறுவரும் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, 1883 ஜனவரியிற் கொழும்பை அடைந்தனர்.

இவ்விடத்திலே இலங்கை அவ்வரலாற்றுள் நுழைகின்றது. கொழும்பிலும் கண்டியிலும் 1901 வரை வாழ்ந்த அறபி பாஷா, இங்குள்ள முஸ்லிம்களின் கல்வியில் மிக்க நாட்டங் காட்டினார். அறிஞர் சித்திலெப்பை 1882-இல் தொடங்கிய முஸ்லிம் நேசன் பத்திரிகை நவீன கல்வியின் தேவையை ஏற்கெனவே வற்புறுத்தி வந்தது. அவர் 1885-இல் எழுதிய அசன்பேயின் சரித்திரமும் எகிப்தைக் களனாகக் கொண்டது. இவ்விருவர் முயற்சியும் கொடையாளர் உதவியும் ஒன்று கூடிய பயனே 1892-இல் மருதானையில் எழுந்த சாஹிராக் கல்லூரி. எகிப்தில் போரால் எய்தாத மறுமலர்ச்சியைப் பள்ளிக்கூடத்தால் எய்தலாம் என்னும் நம்பிக்கை இங்கும் வேரூன்றியது.

நாடு கடத்தப்பட்ட அப்துஹூ 1884-இல் பாரிஸ் நகரஞ் சென்று ஆசிரியர் ஆப்கானியுடன் இணைந்தார். இருவரும் அல்-உர்வத்துல் வுத்கா என்னும் அறபுச் சஞ்சிகையை வெளியிட்டனர். 18 இதழ்களே வெளிவந்தன. எகிப்திலும் இந்தியாவிலும் பிரித்தானியர் அதனைத் தடுத்தனர். எனினும் இரகசியமாகக் கைமாறிய அவ்விதழ்கள் பல நாடுகளிலும் இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்தன. பின்னர் குருவும் சீடரும் வழி பிரிந்தனர். ஆப்கானி மன்னர்களை நாடித் திரிந்து, ஈற்றில் சுல்தான் அப்துல் ஹமீதின் விருந்தாளியாகவும் கைதியாகவும் 1897-இல் இஸ்தான்புல் நகரில் உயிர் நீத்தார். அப்துஹூவோ, மன்னரை மாற்றுவதைக் காட்டிலும் மாணவரை மாற்றுவதே மேல் என்று தெளிந்து, 1888-இல் எகிப்து மீண்டார்.

மீண்டவர் நீதிபதியானார், 1895 முதல் அல்-அஸ்ஹரின் நிருவாக சபையில் இடம் பெற்றார், 1899-இல் நாட்டின் முப்தியாக நியமிக்கப்பட்டார். 1897-இல் வெளிவந்த ரிசாலத்துத் தௌஹீத் என்னும் நூலிலே, பகுத்தறிவும் வேதவெளிப்பாடும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்று நிறுவினார். சட்டத்தை நேரே குர்ஆனிலும் நபிவழியிலும் ஆராய்ந்து காணும் இஜ்திஹாத் என்னும் உரிமை முற்கால இமாம்களோடு முடிந்துவிடவில்லை என்றார். 1903-இல் தென்னாபிரிக்காவின் திரான்சுவால் பகுதி முஸ்லிம்கள் மூன்று ஐயங்களை விடுத்தனர். தொழில் நிமித்தம் ஐரோப்பியத் தொப்பி அணியலாமா? கிறித்தவர் அறுத்த இறைச்சியை உண்ணலாமா? வேறு மத்ஹபைச் சார்ந்தவர் பின் நின்று தொழலாமா? மூன்றுக்கும் ஆம் என்று அவர் விடையளித்ததும் பழைமை பேணுவோர் கொதித்தெழுந்தனர்.

அரசியல் பற்றி அவர் கூறியது இன்னும் ஆழமானது. 1902-இல் பறஹ் அந்தூன் என்னும் கிறித்தவ எழுத்தாளருடன் நிகழ்த்திய வாதத்திலே, இஸ்லாத்தில் ஒருவர் நம்பிக்கைமீது மற்றொருவர்க்கு அதிகாரம் இல்லை என்று எழுதினார். முப்திக்கோ காழிக்கோ ஆட்சியாளர்க்கோ பிறர் ஈமானை அளக்கும் உரிமை இல்லை. நல்லுபதேசமே யாவர்க்கும் உள்ள உரிமை. ஆட்சியாளர் மக்களால் அமர்த்தப்பட்டு மக்களால் நீக்கப்படத்தக்க குடியியல் தலைவர் மட்டுமே என்பது அவர் வாதம். பின் வந்த பூசல்கள் பலவும் இவ்வொரு கருத்தைச் சுற்றியே எழுந்தன.

அப்துஹூவின் நிலையிலே ஓர் இடர்ப்பாடு இருந்தது. கெதீவ் அப்பாஸ் ஹில்மியின் எதிர்ப்பிலிருந்து அவரைக் காத்தது பிரித்தானியப் பிரதிநிதி குரோமர் பிரபுவின் ஆதரவு. அந்நியர் நிழலில் நின்று செய்யும் சீர்திருத்தத்தை மக்கள் எங்ஙனம் நம்புவர்? 1905-இல் அல்-அஸ்ஹர் சபையிலிருந்து அவர் விலக நேர்ந்தது. அவ்வாண்டு ஜூலை 11-ஆந் திகதி, குண்டு வீச்சு நடந்து சரியாக 23 ஆண்டு நிறைந்த நாளில், அதே அலெக்சாந்திரியாவில் காலமானார்.

அவர் மறைந்ததும் மாணவர் பல திசையிற் சென்றனர். 1899-இல் பெண் விடுதலை பற்றி நூலெழுதிய காசிம் அமீன் ஒருபுறம். 1919-இல் நாட்டு விடுதலைக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஸஃது சக்லூல் ஒருபுறம். 1898-இல் அல்-மனார் சஞ்சிகையைத் தொடங்கிய சிரியா நாட்டவர் ரஷீத் ரிழா மற்றொருபுறம். முன்னோர் வழிக்கு மீளுதல் என்று அப்துஹூ கூறியபோது, முன்னோர்க்கிருந்த சிந்தனை வீரத்தை மீட்டலையே முதன்மையாகக் கருதினார். ரிழாவின் எழுத்திலோ, காலஞ் செல்லச் செல்ல, முன்னோர் நூலையும் நெறியையும் எழுத்தளவிற் பேணுதல் மேலோங்கியது.

துருக்கியில் 1922-இல் சுல்தான் பதவியும், 1924 மார்ச் 3-ஆந் திகதி கிலாபத்தும் ஒழிக்கப்பட்டன. நாயகம் அவர்கள் காலத்தின் பின் ஏதோவொரு வடிவில் நீடித்து வந்த பதவி மறைந்தமை உலக முஸ்லிம்களைத் திகைக்கச் செய்தது. ரிழா அதற்கு முன்னரே எழுதிய கிலாபத் நூலில், சட்ட ஞானம் மிக்க ஒருவரைக் கலீபாவாகத் தெரிவு செய்து, அறபியரும் துருக்கியரும் குர்தியரும் கூடும் மோசுல் நகரில் அமர்த்தலாம் என்று ஆலோசனை கூறியிருந்தார். 1925-இல் அல்-அஸ்ஹர் கல்விமான் அலி அப்துர் ராசிக் நேர்மாறான நூலொன்றை வெளியிட்டார். நபிகளாரின் பணி ஆன்மிகப் பணியே. அரசமைப்பைச் சன்மார்க்கம் விதிக்கவில்லை. அதனை மனிதர் தம் அறிவாலும் அனுபவத்தாலும் அமைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அல்-அஸ்ஹரின் உயர் உலமா சபை அவரது ஆலிம் பட்டத்தைப் பறித்தது. ரிழாவும் அவரைக் கடுமையாகத் தாக்கினார். 1926-இல் கெய்ரோவிற் கூடிய கிலாபத் மகாநாடு எம்முடிவும் காணாமற் கலைந்தது.

வினா விடையின்றி நின்ற அக்காலத்தில், 1927-இல் ஹஸனுல் பன்னா என்னும் 21 வயது ஆசிரியர் கால்வாய்க் கரை நகரான இஸ்மாயிலியாவுக்கு உத்தியோகமேற்று வந்தார். கால்வாய்க் கம்பனியின் வெளிநாட்டதிகாரிகள் மாளிகைகளில் வாழ, எகிப்தியத் தொழிலாளர் குடிசைகளில் வாழ்ந்தனர். தெருப்பெயர்கள் கூட அந்நிய மொழியில் எழுதப்பட்டிருந்தன. 1928 மார்ச்சில் தொழிலாளர் அறுவரோடு அவர் தொடங்கியதே இக்வானுல் முஸ்லிமூன் என்னும் சகோதரர் சங்கம். ஆப்கானியும் அப்துஹூவும் கற்றோரிடம் பேசினர். பன்னா காப்பிக் கடைகளிற் புகுந்து பாமரரிடம் பேசினார். பள்ளிவாசல், பாடசாலை, வைத்தியசாலை, தேகப்பயிற்சிக் கழகம் எனச் சங்கம் வளர்ந்தது. தம் இயக்கம் முன்னோர் நெறி, சூபி உண்மை, அரசியல் ஸ்தாபனம், விளையாட்டுக் கழகம், பொருளாதாரக் கம்பனி ஆகிய யாவும் ஒருங்கே ஆகும் என்று 1939-இல் அவர் விளக்கினார்.

மறுமலர்ச்சி என்பது எண்ணமாக இருந்த நிலை மாறி, உறுப்பினரும் தலைவரும் கட்டுப்பாடும் உடைய அமைப்பாயிற்று. அமைப்புக்குள் ஆயுதந் தாங்கிய இரகசியப் பிரிவும் தோன்றிற்று. 1948 டிசெம்பரில் பிரதமர் நுக்ராஷி பாஷா சங்கத்தைத் தடை செய்தார். அம்மாதமே சங்கத்தைச் சார்ந்த மாணவன் ஒருவனால் கொல்லப்பட்டார். பன்னா அக்கொலையைக் கண்டித்தார். ஆயினும் 1949 பெப்ரவரி 12-ஆந் திகதி அவரும் கெய்ரோ வீதியிற் சுடப்பட்டு இறந்தார்.

1952-இல் முடியாட்சி வீழ்ந்தது. 1954-இல் அப்துல் நாசர் மீது நிகழ்ந்த கொலை முயற்சியின் பின் சங்கத்தார் ஆயிரக்கணக்கிற் சிறைப்பட்டனர். அவருள் ஒருவர் இலக்கியத் திறனாய்வாளராகப் புகழ் பெற்றிருந்த செய்யித் குத்ப். ஆட்சியுரிமை இறைவனுக்கே உரியது என்று இந்திய உபகண்டத்தில் 1941-இல் ஜமாஅத்தே இஸ்லாமியை நிறுவிய மௌதூதி வகுத்த கருத்தைக் குத்ப் மேலுங் கொண்டு சென்றார். இறை சட்டம் ஆளாத சமுதாயம், தன்னை முஸ்லிம் சமுதாயம் என்று கூறிக்கொண்டாலும், இஸ்லாத்துக்கு முற்பட்ட அறியாமைக் காலச் சமுதாயமே என்றார். 1964-இல் இக்கருத்தை விளக்கும் அவரது சிறு நூல் வெளிவந்தது. 1966 ஆகஸ்ட் 29-ஆந் திகதி அவர் தூக்கிலிடப்பட்டார். சிறைக் கொடுமையைக் கண்டு எழுதியவரின் துயரம் அந்நூலில் உண்டு. ஆயின், பிறர் ஈமானை அளக்கும் உரிமை எவர்க்கும் இல்லை என்று அப்துஹூ அடைத்த வாயில் அங்கே திறக்கப்பட்டது. அதனுள் நுழைந்த தீவிரவாதிகள் ஆட்சியாளரையும் குடிமக்களையும் மதத்துரோகிகள் எனத் தீர்ப்பிட்டனர். 1981-இல் ஜனாதிபதி சாதாத்தைக் கொன்றோரும் இத்தகைய தீர்ப்பையே காரணமாகக் காட்டினர்.

சங்கத்துக்குள்ளேயே இதற்கு மறுப்பு எழுந்தமை குறிப்பிடத்தக்கது. பன்னாவின் பின் தலைவரான ஹஸன் ஹுழைபி, முன்பு நீதிபதியாகப் பணியாற்றியவர். அழைப்பாளரேயன்றி நீதிபதிகளல்லர் என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் பெயரால் 1977-இல் வெளிவந்த நூல், கலிமாவை மொழிந்த ஒருவரைக் காபிர் எனத் தீர்ப்பிடும் அதிகாரம் மனிதர்க்கில்லை என்று வாதிக்கின்றது. சங்கம் பின்னர் தேர்தற் பாதையை நாடியது. 2012-இல் அதன் வேட்பாளர் முகம்மது முர்சி ஜனாதிபதியானார். 2013 ஜூலையில் படையினர் அவரை அகற்றினர். அடுத்த மாதம் எதிர்ப்பாளர் பலர் கொல்லப்பட்டனர்.

ஆப்கானியின் காப்பிக் கடை உரையாடலிலிருந்து இந்நாள் வரை நோக்குமிடத்து, மறுமலர்ச்சியாளர் யாவரும் முதற் காலத்தின் தூய்மைக்கு மீளுதலையே குறிக்கோளாகக் கூறினர். அக்காலத்திலிருந்து எதை மீட்பது என்பதிலேயே வேறுபட்டனர். ஒருவர் ஆராயும் உரிமையை மீட்க விழைந்தார், ஒருவர் கிலாபத்தை, ஒருவர் சகோதர வாழ்வை, ஒருவர் இறைவனின் ஆட்சியுரிமையை. அந்நியர் ஆதிக்கமும் உள்நாட்டார் கொடுங்கோன்மையும் மிகுந்த வேளைகளில் கடுமையான விடையே இளைஞரைக் கவர்ந்தது. தந்தாப் பள்ளியிலிருந்து ஓடிப்போன சிறுவரை மீட்டதோ தண்டனை அன்று. பொருள் விளங்கச் சொன்ன ஒரு முதியவரின் பொறுமையே ஆகும். அப்பொறுமையின் மீது கட்டப்பட்ட சீர்திருத்தத்துக்கு எகிப்தின் அரசியல் போதிய காலத்தை ஒருபோதும் அளித்ததில்லை. அதனால் அப்துஹூ எழுப்பிய வினா அந்நாட்டில் இன்னும் முடிவு பெறாமலே நிற்கின்றது.