பெத்தானியாவும் சீலோவாமும்



தேவனுடைய சத்தத்தைக் கேட்க எங்கே போவது என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். கல்வராயன் மலையேறி, வெள்ளிமலைப் பக்கம் ஆள் அரவமற்ற ஒரு பாறையில் அமர்ந்தால் கேட்குமோ என்றும் எண்ணுகிறீர்கள். அமர்வது நல்லதே. ஆயினும் நம் பகுதியின் திருச்சபை வரலாறு சோற்றுப் பந்தியிலிருந்து தொடங்குகிறது.

1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகளின் மாநாடு ஒரு கடுமையான நிபந்தனை விதித்தது: எந்தச் சாதியார் சமைத்ததையும் உண்டு, சாதியை விட்டதை வெளிப்படையாகக் காட்டாதவருக்கு ஞானஸ்நானம் இல்லை. லைப்சிக் லுத்தரன் மிஷன் இதற்கு இணங்கவில்லை. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல், சாதியைச் சமுதாய வழக்கம் என்றே கருதினார். பிறப்பால் அனைவரும் ஒன்றென்று சொல்லும் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவரும் இவரே என்பது வியப்புக்குரியது! நியாயமாகச் சொன்னால், அந்நியர் நடத்திய சோற்றுச் சோதனையில் கட்டாயத்தின் வாடை இல்லாமல் இல்லை. கிரவுலின் தயக்கத்துக்கு அது ஒரு காரணம். ஆனால் ஒரே அப்பத்தில் பங்குபெறுவோர் ஆலயத்துக்குள் பிரிந்து உட்காரும்போது, பின்னால் இருப்பவரின் காதில் எந்தச் சுவிசேஷம் விழும்?

அந்த மிஷனிலேயே ஊழியம் செய்த கார்ல் ஓக்ஸ் இதைப் பொறுக்கவில்லை. அதைவிட்டுப் பிரிந்து, 1861இல் நெல்லிக்குப்பத்துக்கு அருகே மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு நிலையத்தை ஏற்படுத்தினார். அதற்கு அவர் இட்ட பெயர் பெத்தானியா. சில ஆண்டுகளில் டேனிஷ் மிஷனரி சங்கம் அவரோடு இணைந்தது. பின்பு பீட்டர் ஆண்டர்சன் தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவிலூரில் தொடங்கிய நிலையம் சீலோவாம் எனப்பட்டது. பின்னாளில் கள்ளக்குறிச்சியும் அப்பணியின் எல்லைக்குள் வந்தது. இந்த ஊழியத்தின் வழியே உருவானதே ஆற்காடு லுத்தரன் திருச்சபை.

பெயர்களைக் கவனியுங்கள். பெத்தானியா மார்த்தாள், மரியாளின் ஊர். லூக்கா 10ஆம் அதிகாரத்தில் மரியாள் கர்த்தருடைய பாதத்தருகே அமர்ந்து வசனம் கேட்டது தேவாலயத்தில் அல்ல. அடுப்பில் வேலை நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டில். அந்த வீட்டில் கேட்பவளும் பெண், சமைப்பவளும் பெண். நம் வீடுகளில் மார்த்தாளுக்கு உட்கார நேரம் கொடுப்பவர் யார்? சீலோவாமோ மக்கள் புழங்கிய குளம். பார்வையற்றவன் அங்கே சேற்றைக் கழுவிக்கொண்டு பார்வையடைந்தான் என்று யோவான் 9 கூறுகிறது.

மலைக்குத் திரும்புவோம். நாடு 1947இல் விடுதலை பெற்றும், கல்வராயன் மலை மக்கள் ஜாகீர்தாரர்களின் பிடியிலிருந்து முற்றும் விடுபட 1976 வரை காத்திருந்தார்கள். நாம் அமைதி தேடிப்போகும் அதே பாறைகளுக்கு அருகே, மூன்று ஜாகீர்களின் கீழ் அவர்கள் உழைத்தார்கள். அடுத்த முறை மலையேறும்போது, தனியே அமருமுன் அங்குள்ள ஒரு திண்ணையில் சற்று நேரம் உட்காருங்கள். அந்த வீட்டுப் பெரியவர் பேசட்டும். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள்.