வள்ளூர் அனல் மின் நிலையமும் மத்திய–மாநில அதிகாரப் பகிர்வும்

வள்ளூர் அனல் மின் நிலையம் திருவள்ளூர் மாவட்டத்தில், மீஞ்சூருக்கும் எண்ணூருக்கும் அருகே அமைந்துள்ளது. மத்திய அரசின் என்.டி.பி.சி.யும் தமிழ்நாடு மின்வாரியமும் சரிபாதிப் பங்குடன் 2003-இல் தொடங்கிய கூட்டு நிறுவனம் இதை நடத்துகிறது. தலா 500 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகள் 2012 முதல் 2015 வரை அடுத்தடுத்து உற்பத்திக்கு வந்தன.

அரசமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி மின்சாரம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. இரு அரசுகளும் சட்டம் இயற்றலாம். முரண்பட்டால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் தவிர, நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். வள்ளூரில் பங்கு பாதிக்குப் பாதி, அதிகாரம் அப்படியில்லை.

நிலக்கரி ஒடிசாவின் தால்சர் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாரதீப் சென்று, கப்பலில் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வருகிறது. சுரங்கம், ரயில், துறைமுகம் மூன்றுமே மத்திய அரசின் வசம். மின்சாரம் பல மாநிலங்களுக்குப் போவதால் நிலையத்தின் விற்பனை விலையை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. எப்போது எவ்வளவு உற்பத்தி என்ற அட்டவணை பெங்களூருவிலுள்ள தென்மண்டல மின்பளு மையத்தில் தயாராகிறது. வீட்டுக்கு வரும் கரண்ட் பில்லின் கட்டணத்தை மட்டும் மாநில ஆணையம் முடிவு செய்கிறது. ஆக, கட்டண உயர்வுக்கான வசவு முழுவதும் மாநிலத்துக்கு.

மின் உற்பத்தியாளர்களுக்கு நிலுவை வைத்ததற்காக 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு உள்ளிட்ட 13 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களின் விநியோக நிறுவனங்கள் மின்சந்தையில் வாங்கவும் விற்கவும் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த மின்சாரத் திருத்த மசோதாவைத் தமிழக அரசு எதிர்த்தது. மத்திய–மாநில உறவை ஆராய 1969-இல் ராஜமன்னார் குழுவையும், 2025-இல் குரியன் ஜோசப் குழுவையும் அமைத்து மாநில உரிமை பேசிய அரசு அது.

மாநிலத்தின் கையிலுள்ள வலுவான பிடி சுற்றுச்சூழல் இசைவாணைதான். நீர் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது என்பதால், 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை மாநிலங்களே தீர்மானம் போட்டுக் கேட்ட பிறகுதான் நாடாளுமன்றம் இயற்ற முடிந்தது. அதன்கீழ் இயக்க இசைவைத் தருவதும் மறுப்பதும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். உலர்சாம்பலை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற விதிகளோ மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தினுடையவை. இப்பகுதி மின்நிலையங்களின் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிவதை எதிர்த்து மீனவர்கள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். வள்ளூரைப் பொறுத்தவரை அவர்கள் மனுக்கொடுக்கும் மாநில அரசே நிலையத்தின் பாதி உரிமையாளர். அதன் மின்சாரத்தை வாங்குவோரிலும் முதலிடம் அதற்கே.