மூவர் வீழ்ந்த கணவாய்

போரில் வீழ்ந்தவனைக் கல்லாக நிறுத்தி வாழ்த்துவது தமிழர் கண்ட மரபு. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என அதற்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களை நேரில் கண்டவர் ஓர் உண்மையை உணர்ந்திருப்பர். அக்கற்களுள் பல பேரரசுகளின் பெரும்போர்களைப் பேசுவன அல்ல. ஒரு சிற்றூரின் ஆநிரையைக் காக்க எழுந்த பூசலில் வீழ்ந்த ஒருவனுடைய பெயரையும் ஊரையும் அவை பேசுகின்றன. பூசல் சிறிதாயினும் உயிர் சிறிதன்று என்பதே அக்கற்கள் கூறும் வரலாற்றுக் கோட்பாடு. இக்கோட்பாட்டை அளவுகோலாகக் கொண்டு, கடல் கடந்த பாலை நிலத்தில் நான் ஏறிய ஒரு மலையின் வரலாற்றை நம் வட்டத்து அன்பர்கள் முன் வைக்க விழைகிறேன்.

மலையும் பாதையும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ், டூசான் நகரங்களுக்கிடையே செல்லும் பெருவழியின் ஓரத்தில் 3,374 அடி உயரத்தில் நிற்கிறது பிக்காச்சோ மலை. 'பிக்காச்சோ' என்னும் எசுப்பானியச் சொல்லுக்கே கூர்முகடு என்பதுதான் பொருள். அதனோடு ஆங்கிலேயர் மீண்டும் 'முகடு' என்னும் சொல்லைச் சேர்த்து வழங்கினர். நம்மூரில் 'கேட்டு வாசல்' என்பது போன்ற வழக்கு இது. சுமார் 2 கோடி 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காகப் பாய்ந்து இறுகிய எரிமலைக் குழம்பு, பின்னர் நிலப்பிளவால் சாய்ந்து, அரிப்பில் கரையாது எஞ்சியதே இம்மலை என்பர் நிலவியலார். சுற்றிலும் தட்டையான பாலை. அதன் நடுவே மதயானையின் மத்தகம் போல் மலை எழுகிறது.

2023 மார்ச்சில் டூசானில் வாழும் என் தமக்கை மகளுடன் இம்மலையில் ஏறினேன். அடிவாரச் சரிவுகளில் பொன்னிறக் கசகசாப் பூக்கள் விரிந்திருந்தன. ஆளுயரத்தைப் பன்மடங்கு கடந்த சகுவாரோக் கள்ளிகள் கைகளை உயர்த்தி நின்றன. உச்சிக்குச் செல்லும் ஹன்டர் பாதை ஏறத்தாழ 2 மைல் நீளமுடையது. அதற்குள் சுமார் 1,400 அடி ஏற வேண்டும். பாதியில் ஒரு கணவாய் முகடு வருகிறது. அங்கே உச்சியை நெருங்கிவிட்டோம் என்று மனம் மகிழும் வேளையில், பாதை மறுபுறத்தில் செங்குத்தாக இறங்கிவிடுகிறது. பாறையில் அறைந்த இரும்பு முளைகளில் எஃகு வடங்களைக் கட்டியிருக்கிறார்கள். அவற்றைப் பற்றிக்கொண்டு பின்புறமாக இறங்கி, பிறகு மீண்டும் வடங்களைப் பற்றியே ஏற வேண்டும். பாறை ஓரிடத்தில் பாதத்துக்கும் இடம் தராததால் பலகைப் பாலம் அமைத்திருக்கிறார்கள். வெயிலில் வடம் சுடும். கையுறையின்றி வருவோர் வருந்துவர்.

"சித்தி, கீழே பாக்காதீங்க, கம்பிய மட்டும் பாருங்க" என்றாள் மகள். பர்வதமலையில் கடப்பாறைப் படிகளிலும் சங்கிலியிலும் ஏறிப் பழகியவள் நான். ஆயினும் அங்கே முன்னும் பின்னும் அடியார் குரல் இருக்கும். ஏறுவோர்க்குத் துணையாக ஒரு தெய்வப்பெயர் இருக்கும். இங்கே காற்றொலி ஒன்றே துணை. பற்றிய வடத்தை இங்கே கட்டியவர் யார், பாதைக்குப் பெயரான ஹன்டர் யார் என்னும் வினாக்கள் அப்போதுதான் எழுந்தன.

முதல் வினாவுக்கு விடை எளிது. இரவில் பறக்கும் விமானங்களுக்கு வழிகாட்ட உச்சியில் ஒரு விளக்கு நின்றது. அதனைப் பேண, 1930-களில் வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அரசு அமைத்த பணிப்படை வழி சமைத்தது. இரண்டாம் வினாவின் விடை போர்க்களத்தில் கிடக்கிறது.

1862 ஏப்ரல் 15

மலையடியில் உள்ள கணவாய் தொன்மையான வழி. 1775-இல் ஹுவான் பவுத்திஸ்தா தெ ஆன்சா, சான் பிரான்சிஸ்கோவில் குடியேறுவதற்குச் சுமார் 240 பேரை அழைத்துச் சென்றது இவ்வழியே. 1858 முதல் அஞ்சல் வண்டிகளும் இதன் வழியே ஓடின. அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, அடிமை முறையை விடாத தென்மாநிலக் கூட்டமைப்பின் சிறு படை ஒன்று, கேப்டன் ஷெராட் ஹன்டர் தலைமையில் 1862 பிப்ரவரி 28-இல் டூசானுக்குள் நுழைந்தது. அவர்களை அகற்ற, கலிபோர்னியாவிலிருந்து ஈராயிரத்துக்கு மேற்பட்ட ஒன்றியப் படையினர் பாலையைக் கடந்து வரலாயினர். டூசான் பக்கத்திலிருந்து இக்கணவாயைக் காவல் காக்கப் பத்துப் பேரை ஹன்டரின் படை நிறுத்தியிருந்தது.

ஏப்ரல் 15 அன்று ஒன்றியப் படையின் முன்னணியிலிருந்து லெப்டினன்ட் ஜேம்ஸ் பாரெட், 12 குதிரை வீரர்களுடன் கணவாயை அடைந்தார். அவருடைய மேலதிகாரி கேப்டன் கலவே தாக்க ஆணையிடவில்லை. பின்வரும் படைக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. பாரெட் காத்திருக்கவில்லை. புதருக்குள் நேரே குதிரையைச் செலுத்திப் பகைவரைச் சரணடையுமாறு கூவினார். மூவர் சிறைப்பட்டனர். மற்றவர் புதர் மறைவிலிருந்து சுட்டனர். சிறைப்பட்டவன் ஒருவனைக் கட்டிவிட்டு மீண்டும் குதிரை ஏறிய பாரெட்டின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. ஜான்சன், லெனர்ட் என்னும் இரு வீரரும் அங்கு வீழ்ந்தனர். பூசல் ஒன்றரை மணி நேரத்தில் அடங்கியது. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட ஒரு பெரும்போரின் ஓரத்தில் இது ஒரு துளி. அரிசோனாவில் நிகழ்ந்த அப்போரின் மோதல்களுள் பெரிதாக நினைக்கப்படுவதும் இதுவே. மே மாதத்தில் ஹன்டர் டூசானைவிட்டு வெளியேறினார். 20-ஆம் நாள் ஒன்றியப் படை அந்நகருள் நுழைந்தது.

இறந்த மூவரையும் வழியோரத்தில் புதைத்தனர். இரு வீரர்களின் எச்சங்கள் பின்னர் சான் பிரான்சிஸ்கோவின் இராணுவக் கல்லறைக்கு மாற்றப்பட்டன. பாரெட்டின் உடல் இருப்புப்பாதையை ஒட்டிய மண்ணில் அடையாளமின்றியே கிடக்கிறது. நினைவுக்கல் ஒன்று எழ 1928 வரை, அதாவது அறுபத்தாறு ஆண்டுகள், ஆயிற்று.

இன்றைய பூங்காவின் பெயர்வரிசை சிந்திக்கத் தக்கது. உச்சிவரை ஏறும் பாதைக்கு ஹன்டர் பெயர். அவர் பூசல் நாளில் களத்தில் இல்லை. இடைக்காட்சி மேடைக்குச் செல்லும் சிறு பாதைக்குக் கலவே பெயர். அவரும் பூசலிடத்தில் இல்லை. களத்தில் மாண்ட பாரெட்டின் பெயரோ, அடிவாரத்தில் மகிழுந்துகள் சுற்றிவரும் வளைவுச் சாலைக்கு! யாரும் தீங்கு எண்ணிச் செய்த ஏற்பாடன்று இது. ஆயினும், அடிமை முறைக்காகப் படை நடத்தியவர் பெயரை உச்சரித்தே இன்று இம்மலையில் ஏற வேண்டியிருக்கிறது.

கோதுமை தந்தவர்கள்

இதனினும் ஆழ்ந்த மறதி ஒன்றுண்டு. இரு படைகளும் இப்பாலையில் உயிர்வாழ்ந்தது எதனால்? வடக்கே ஹீலா ஆற்றங்கரையில் கால்வாய் வெட்டிக் கோதுமை விளைவித்த மக்களால். வெளியார் அவர்களைப் பீமா என்றனர். தம்மை அவர்கள் அகிமெல் ஓதாம் என்பர். 'ஆற்று மக்கள்' என்பது பொருள். தெற்கே பாலையில் வாழும் உறவினரோ தொஹோனோ ஓதாம், அதாவது 'பாலை மக்கள்'. நிலத்தால் மாந்தரைப் பெயரிடும் திணை நெறி நமக்கு மட்டும் உரியதன்று என்று அறிந்தபோது எனக்கு உண்டான உவகை சிறிதன்று.

ஒன்றியப் படைக்காக அம்மக்களிடம் கோதுமை வாங்கிச் சேர்த்தவர் ஓர் ஆலைக்காரர். மாவரைப்பவருக்கு வாய்த்த பெயர் அம்மி ஒயிட்! 1862 மார்ச்சில் ஹன்டர் அவரைச் சிறைப்பிடித்து 1,500 மூட்டைக் கோதுமையைக் கைப்பற்றினார். ஏற்றிச் செல்ல வண்டியில்லாமையால், விளைவித்தவர்களுக்கே அதைத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றியப் படை வந்தபின் அவ்வூர்ப் பகுதியில் அமைத்த பாசறைக்குப் பாரெட் கோட்டை என்று பெயரிட்டனர். உணவளித்தவர் மண்ணுக்கும் படைவீரன் பெயரே கிடைத்தது.

உணவளித்தவர்க்குக் கிடைத்த கைம்மாறு யாது? 1870-கள் தொடங்கி ஆற்றின் மேற்பகுதியில் குடியேறியவர்கள் நீரைத் திருப்பிக்கொண்டனர். கால்வாய்கள் வறண்டன, கோதுமை விற்றவர்கள் பசியால் வாடினர். 1930-இல் கூலிட்ஜ் அணை திறக்கப்பட்ட பின்னும் துயர் முற்றிலும் தீரவில்லை. 2004-ஆம் ஆண்டுச் சட்டமே ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி நீருரிமையை அச்சமூகத்துக்கு உறுதி செய்தது. தன் இயல்பு திரிந்த நிலம் பாலையாகும் என்று நாம் இலக்கியத்தில் கற்கிறோம். ஆற்று மக்களைப் பாலை மக்களாக்கிய அத்திரிபு கோடையால் வந்ததன்று. மனிதர் கையால் வந்தது. மலைமீது ஏறும் பாதைகளுள் ஒன்றேனும் அவர்கள் பெயரைத் தாங்கவில்லை.

ஆயினும் அம்மக்கள் தம் நிலத்தைச் சொல்லில் காத்துள்ளனர். கோடையில் சகுவாரோக் கனியை நீள்கோலால் பறித்து, அதன் சாற்றிலிருந்து மது வடித்து, மழையைப் பாடி அழைப்பது தொஹோனோ ஓதாம் மரபு. இம்மலையடங்கிய பினால் மாவட்டத்து ஸ்டான்ஃபீல்டில் பிறந்த ஒஃபீலியா செப்பேதா அம்மொழிக்கு 1983-இல் இலக்கணம் எழுதினார். 1995-இல் பாலையைப் பாடும் கவிதை நூலையும் வெளியிட்டார். இலக்கணம் வகுத்த கையே கவிதையும் எழுதியிருக்கிறது.

உச்சியில் நின்று கீழே நோக்கினேன். கணவாயில் சரக்கு ரயில் ஒன்று ஊர்ந்து கொண்டிருந்தது. அந்த இருப்புப்பாதையோரம் எங்கோ பாரெட் கிடக்கிறார். வடக்கே, கண்ணுக்கெட்டாத தொலைவில், கோதுமை விளைந்த ஆற்றங்கரை. என் உள்ளங்கையில் வடத்தின் தழும்பு சிவந்திருந்தது. யாரோ பெயர் தெரியாதவர் கட்டிய வடத்தைப் பற்றித்தான் ஹன்டர் பெயர் தாங்கிய பாதையில் உச்சிக்கு நான் வந்திருந்தேன்.

பத்தாண்டுகளாகச் சொல்லைப் போற்றிவரும் நம் வட்டத்துக் கவிஞர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நம் ஊர்களிலும் மலைக்கும் தெருவுக்கும் வென்றவர் பெயர் எளிதில் அமைந்துவிடுகிறது. சோறிட்டவர், கால்வாய் வெட்டியவர், வடம் கட்டியவர் ஆகியோரின் பெயர்கள் அவ்வூர் முதியோர் நாவில் மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். சிற்றூர்ப் பூசலில் வீழ்ந்த ஒருவனுக்குச் செங்கத்து மண் அன்றே செய்த கடமை அது.